வகுப்பறையில் சாதியைப் பேச எதைத் தேர்ந்தெடுப்பது?

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் தலித் மாணவர் ஒருவர் சக மாணவர்களாலேயே வீடு புகுந்து வெட்டப்பட்டார். அதையடுத்துத் தமிழ்நாடு அரசு அமைத்த, ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையிலான ஒருநபர் குழு 2024 ஜூனில் அறிக்கை அளித்தது. பொதுவிவாதமோ மணிக்கட்டில் கட்டும் வண்ணக் கயிறுகளையே பெரிதும் சுற்றிவந்தது. கயிற்றை அவிழ்த்த பின் வகுப்பறையில் எதைப் பேசுவது?

பாடநூலை மட்டும் நம்பியிருக்க இயலாது. தோள்சீலைப் போராட்டத்தைச் சொல்லும் பகுதியிலிருந்து தேர்வில் வினாக்கள் இடம்பெறா என்று 2016இல் சிபிஎஸ்இ அறிவித்தது. பாமா, சுகிர்தராணி ஆகியோரின் படைப்புகளை 2021இல் டெல்லிப் பல்கலைக்கழகம் ஆங்கிலப் பாடத்திட்டத்திலிருந்து அகற்றியது. எனவே ஆசிரியரும் மாணவர் வாசிப்பு வட்டங்களும் தாமே தேர்ந்தெடுக்க வேண்டியுள்ளது. அதற்கு மூன்று அளவுகோல்களை முன்வைக்கிறோம்.

முதலாவது, கருத்திலிருந்து அன்றி ஆவணத்திலிருந்து தொடங்குதல். 'சாதி இன்றும் உண்டா?' என்ற தலைப்பு, ஒடுக்கப்பட்டோரின் அனுபவத்தையே வாக்கெடுப்புக்கு விடுகிறது. மாறாக, தீண்டாமையை ஒழித்த அரசமைப்புச் சட்டத்தின் 17ஆம் கூறையும் வெண்மணி வழக்கின் தீர்ப்பையும் அருகருகே வையுங்கள். 1968 டிசம்பர் 25 அன்று வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டனர். கீழமை நீதிமன்றம் தண்டித்த நிலவுடைமையாளர்களை 1973இல் சென்னை உயர் நீதிமன்றம் விடுவித்தது. செல்வந்தர்களான மிராசுதாரர்கள் தாமே நேரில் சென்று தீவைத்திருப்பர் என்பதை அந்நீதிமன்றத்தால் நம்ப முடியவில்லை. சாட்சியத்தை எடைபோடுவதில் நிலமும் சாதியும் எவ்வாறு நுழைகின்றன? சிறப்பு நீதிமன்றங்களுக்கு வழிவகுத்த 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் ஏன் தேவைப்பட்டது? விவாதம் இங்கிருந்து நகரட்டும்.

இரண்டாவது, கேள்வி யாரை நோக்கியது என்பது. தலித் மாணவரை எழுப்பி 'உன் அனுபவத்தைச் சொல்' என்பது அவரைக் காட்சிப்பொருளாக்கும். அவர் தாமாகப் பேச முன்வந்தால் செவிமடுப்போம். ஆனால் ஊர், தெரு, நிலம், கோயில் உரிமை, திருமணம் ஆகியவை எவ்வாறு பங்கிடப்பட்டுள்ளன என்ற வினாவுக்கு வகுப்பில் உள்ள அனைவருமே விடை தேட வேண்டும்.

மூன்றாவது, காயங்களை மட்டும் தேர்ந்தெடுக்காதிருத்தல். வன்கொடுமைச் செய்திகள் மட்டுமே பாடமானால் தலித்துகள் இரங்கத்தக்கவர்களாக மட்டுமே தோன்றுவர். 1907இல் அயோத்திதாசர் தொடங்கிய 'ஒரு பைசாத் தமிழன்' இதழும், 1927இல் அம்பேத்கர் தலைமையில் மகாத் குளத்தில் நீர் அருந்திய போராட்டமும், அவர்களைச் சிந்தித்தவர்களாகவும் வரலாற்றை நகர்த்தியவர்களாகவும் காட்டும்.

எந்தப் பாடப்பொருளையும் வகுப்புக்கு எடுத்துச் செல்லுமுன் ஒன்றைக் கேட்டுக்கொள்வோம்: இதைப் படித்து முடிக்கையில் தலைகுனிய வேண்டியது சாதியா, அதனால் ஒடுக்கப்பட்ட மாணவரா?