எரிபொருட் பம்பியின் பழுதை இனங்காணலும் மாற்றீடு செய்தலும்

1. அறிமுகம்

பெற்றோல் இயந்திரம் ஒன்று இயங்குவதற்கு வளி, எரிபொருள், தீப்பொறி ஆகிய மூன்றும் உரிய நேரத்தில் கிடைக்க வேண்டும். தாங்கியிலுள்ள பெற்றோலை இயந்திரத்துக்குக் கொண்டு செல்வது எரிபொருட் பம்பியாகும்.

"தொடக்கு மோட்டர் சுற்றுகின்றது, ஆனால் இயந்திரம் இயங்கவில்லை. காரணம் யாது?" என்ற வினாவுக்குப் பல மாணவர்கள் "பம்பி பழுது" என்று மட்டும் எழுதுவர். இது முழுமையான விடையன்று. எரிந்துபோன சிறிய உருகி ஒன்றும் இதே அறிகுறியையே காட்டும். உருகியைப் பார்க்காது பம்பியை மாற்றினால் பணம் வீணாகும். பழுதும் அப்படியே இருக்கும். எனவே முதலில் இனங்காணல், பின்னரே மாற்றீடு என்னும் ஒழுங்கை மனதிற் கொள்க.

2. பம்பியின் வகைகள்

(அ) பொறிமுறைப் பம்பி: காபுரேற்றர் பொருத்திய பழைய கார்கள் பலவற்றில் உண்டு. இயந்திரத்தின் சுழற்சியால் ஒரு மென்தகடு மேலும் கீழும் அசைந்து எரிபொருளை இழுத்துத் தள்ளும்.

(ஆ) துடிப்பு அமுக்கப் பம்பி: எமது மீனவர்களின் படகுகளில் பூட்டப்படும் இரண்டடிப்பு வெளியிணைப்பு இயந்திரங்களில் காணலாம். இங்கும் மென்தகடு உண்டு. அதனை அசைப்பது இயந்திர அறையினுள் ஏற்படும் அமுக்க மாற்றமாகும்.

(இ) மின் பம்பி: எரிபொருட் பாய்ச்சியுள்ள கார்களில் பெரும்பாலும் தாங்கியினுள்ளேயே அமைந்திருக்கும். பல கார்களில் இதன் அமுக்கம் ஏறத்தாழ 300 கிலோபஸ்கால் ஆகும்.

இனி வரும் விளக்கங்கள் மின் பம்பியைப் பற்றியவை.

3. பழுதடைவதற்கான காரணங்கள்

மின் பம்பியின் மோட்டரினூடாகப் பெற்றோல் பாய்ந்து செல்கின்றது. அப்பெற்றோலே மோட்டரைக் குளிரச் செய்கின்றது. தாங்கியில் எப்போதும் மிகக் குறைந்த பெற்றோலுடன் ஓடினால் பம்பி வெப்பமடைந்து விரைவில் தேயும். 2022 ஆம் ஆண்டு இலங்கையில் எரிபொருள் தட்டுப்பாடு ஏற்பட்டு, வாராந்தப் பங்கீட்டு முறை வந்தபோது, பலர் தாங்கியின் அடிமட்டப் பெற்றோலுடனேயே வாகனம் ஓட்ட நேர்ந்தது. இவ்வாறு ஓடுவது பம்பிக்குக் கேடானது. கலன்களில் சேமித்த பெற்றோலுடன் நீரும் தூசும் சேர்வதும் பம்பியையும் வடியையும் பாதிக்கும்.

கடலோரப் பகுதிகளில் உப்புக் காற்றினால் மின்தொடுப்புகள் அரிக்கப்படுவதும் உண்டு. இது பம்பியின் பழுதன்று. எனினும் பம்பியை நிறுத்திவிடும்.

4. இனங்காணும் படிமுறை

படி 1: தாங்கியில் பெற்றோல் உள்ளதா எனப் பார்க்க. எரிபொருள் மானி பிழையாகக் காட்டலாம்.

படி 2: இயந்திரத்தைத் தொடக்காது திறப்பை 'ஒன்' நிலைக்குத் திருப்புக. பல கார்களில் தாங்கிப் பக்கத்திலிருந்து ஓரிரு வினாடிகளுக்கு மெல்லிய இரைச்சல் கேட்கும். கேட்டால் படி 5 இற்குச் செல்க.

படி 3: ஒலி இல்லையெனில் உருகியையும் றிலேயையும் சோதிக்க. எரிந்த உருகிக்குப் பதிலாக அதே அம்பியர் அளவுள்ள உருகியையே இடுக. கம்பித் துண்டை இடுவது தீ விபத்துக்கு வழிவகுக்கும். புதிய உருகியும் எரிந்தால் குறுஞ்சுற்று உண்டு அல்லது பம்பி இறுகியுள்ளது.

படி 4: பம்பியின் மின்தொடுப்பியில் பல்மானியால் வோல்ற்றளவை அளக்க. உதவியாளர் ஒருவர் திறப்பைத் திருப்பும்போது, இரு முனைகளுக்கிடையே ஏறத்தாழ 12 வோல்ற்று கிடைத்தும் பம்பி சுழலாவிடில் பம்பி பழுது. 12 வோல்ற்று கிடைக்காவிடில் பழுது மின்சுற்றில் உள்ளது.

படி 5: பம்பி சுழன்றால் அமுக்கமானியை இணைத்து, வாகனக் கைநூலிலுள்ள பெறுமானத்துடன் ஒப்பிடுக. அமுக்கம் குறைவாயின் அடைபட்ட வடி, குழாய்க் கசிவு, அமுக்கச் சீராக்கி ஆகியவற்றைப் பார்த்த பின்னரே பம்பியைச் சந்தேகிக்க. அமுக்கம் சரியாயின் தீப்பொறி, பாய்ச்சி என்பவற்றைச் சோதிக்க.

5. பாதுகாப்பு

1942 ஏப்ரல் 9 ஆம் திகதி ஜப்பானிய விமானத் தாக்குதலின்போது சீனக்குடா எண்ணெய்த் தாங்கிகளுள் ஒன்று எரிந்து அழிந்தது. அங்கு சேமிக்கப்பட்டது கப்பல்களுக்கான உலை எண்ணெய். பெற்றோலோ அதனைவிட மிக எளிதில் தீப்பற்றும். ஏறத்தாழ −40 பாகை செல்சியசிலும் தீப்பற்றக்கூடிய ஆவியை அது வெளிவிடும். அவ்வாவி வளியிலும் பாரமானது; நிலத்தோடு பரவித் தொலைவிலுள்ள அடுப்பையும் எட்டும். ஆகவே காற்றோட்டமான இடத்தில், தீயணைக்கும் உலர் தூள் கருவி அருகிலிருக்க, பயிற்சி பெற்ற ஒருவரின் மேற்பார்வையில் வேலை செய்க. பெற்றோல் தீக்கு நீர் ஊற்றலாகாது.

6. மாற்றீடு செய்யும் முறை

1. பம்பியின் உருகியைக் கழற்றி, இயந்திரம் தானாக நிற்கும்வரை இயக்கிக் குழாயிலுள்ள அமுக்கத்தைக் குறைக்க. இயந்திரம் இயங்காவிடில் குழாய் இணைப்பைத் துணியால் சுற்றி மெதுவாகத் தளர்த்துக.
2. பற்றரியின் மறை முனையைக் கழற்றுக.
3. பின் இருக்கையின் கீழுள்ள மூடியைத் திறக்க. அவ்வாறான மூடி இல்லாத கார்களில் தாங்கியையே இறக்க வேண்டும்.
4. பம்பியைச் சுற்றியுள்ள மண்ணை அகற்றுக. அது தாங்கிக்குள் விழக்கூடாது.
5. மின்தொடுப்பியையும் குழாய்களையும் கழற்றி, மானியின் மிதவைக் கை வளையாதபடி பம்பியை வெளியே எடுக்க.
6. தாங்கியின் அடியில் நீர், துரு, அழுக்கு உள்ளதா எனப் பார்த்துத் துப்புரவு செய்க. இதனைத் தவறவிட்டால் புதிய பம்பியும் விரைவில் பழுதாகும்.
7. புதிய பம்பியை, புதிய வடியுடனும் இறப்பர் அடைப்பு வளையத்துடனும் பொருத்துக.
8. இணைப்புகளை மீளப் பூட்டி, திறப்பைச் சில தடவை 'ஒன்' நிலைக்குத் திருப்பி, கசிவு இல்லையென உறுதிசெய்த பின்னரே இயந்திரத்தைத் தொடக்குக.

7. மாதிரி வினா

திருகோணமலையிலிருந்து கந்தளாய் நோக்கிச் சென்ற கார் ஒன்று தம்பலகாமச் சந்தியில் நின்றுவிட்டது. தாங்கியில் பெற்றோல் உண்டு. பம்பியின் ஒலி கேட்கவில்லை. உருகியும் றிலேயும் நல்ல நிலையில் உள்ளன. தொடுப்பியின் நேர் முனைக்கும் காரின் உடலுக்குமிடையே 12 வோல்ற்று கிடைத்தது. உடனடியாகப் பம்பியை மாற்றலாமா?

விடை: மாற்றலாகாது. இவ்வளவீடு நேர் முனைக்கு மின் வருவதை மட்டுமே காட்டுகின்றது. பம்பியின் புவித்தொடுப்புக் கம்பி அறுந்தோ அரிக்கப்பட்டோ இருந்தாலும் பம்பி சுழலாது. தொடுப்பியின் இரு முனைகளுக்கிடையேயும் அளக்க வேண்டும். அங்கும் 12 வோல்ற்று கிடைத்தால் மட்டுமே பம்பியை மாற்றுதல் பொருத்தமானது.

நினைவிற் கொள்க: பெற்றோல், ஒலி, உருகி, வோல்ற்றளவு, அமுக்கம். இவ்வொழுங்கில் விடை எழுதுக. வேலை செய்யும்போதும் இவ்வொழுங்கையே பின்பற்றுக.