எம்.சி.ஏ. சேரப் போறீங்களா? அறிமுக நாளுக்கு லீவு போடாதீங்க!

தாடிக்கொம்பு:-

தாடிக்கொம்பு பகுதியில் டிகிரி முடித்து எம்.சி.ஏ. படிக்க நினைப்பவர்கள் திண்டுக்கல்லில் பஸ் மாறினால் காந்திகிராம கிராமிய பல்கலைக்கழகத்துக்கு போய்விடலாம். 1956-ல் தொடங்கப்பட்ட இந்த நிறுவனம், 1976-ல் நிகர்நிலை பல்கலைக்கழகம் ஆனது.

எந்த கல்லூரியில் சேர்ந்தாலும், புதிய மாணவர்களுக்கு முதலில் நடப்பது அறிமுக நிகழ்ச்சி. "முதல் நாள் என்ன பாடமா நடத்தப் போறாங்க?" என்று பலரும் மட்டம் போடுவது உண்டு. அங்கேதான் சிக்கல்.

3 ஆண்டாக இருந்த எம்.சி.ஏ. படிப்பை 2020-ல் ஏ.ஐ.சி.டி.இ. 2 ஆண்டாக குறைத்தது. இதனால் அடிப்படை பாடங்களை நிதானமாக படிக்க நேரம் இல்லை. பி.காம்., பி.ஏ. முடித்து வருபவர்களுக்கு கம்ப்யூட்டர் அடிப்படையை சொல்லித்தர 'பிரிட்ஜ் கோர்ஸ்' உண்டு. பிளஸ்-2விலும் டிகிரியிலும் கணக்கு படிக்காதவர்களுக்கு அது கட்டாயம். அந்த வகுப்பு எப்போது, தேர்வு உண்டா, இன்டர்னல் மார்க் எப்படி, லேப் நேரம் என்ன என்பதை அறிமுக நாளிலேயே கேட்டுக்கொள்ள வேண்டும். விட்டால் முதல் செமஸ்டரிலேயே அரியர்தான்.

ராகிங் பயமும் வேண்டாம். யு.ஜி.சி.யின் 2009-ம் ஆண்டு விதிப்படி மாணவரும் பெற்றோரும் உறுதிமொழி தரவேண்டும். புகார் சொல்ல 1800-180-5522 என்ற இலவச எண் 24 மணி நேரமும் செயல்படுகிறது என்பது குறிப்பிடத்தக்கது.