கரையான் கட்டும் கோட்டை

கரையான் புற்றெடுக்கப் பாம்பு குடிபுகுந்தது என்று சொல்வார்கள். அது உண்மைதான். பாம்புக்குப் புற்றுக் கட்டத் தெரியாது. புற்றைக் கட்டுவது கரையான்.

ஒரு புற்றில் ராஜா, ராணி, வேலைக்காரக் கரையான், சிப்பாய்க் கரையான் என்று பல வகை உண்டு. வேலைக்காரக் கரையானுக்குக் கண் தெரியாது. ஆனாலும் அவை சேர்ந்து ஆள் உயரத்துக்குப் புற்று எழுப்பிவிடும். எப்படி?

ராணி முட்டையிடும். கட்டளையிடாது. மேஸ்திரியும் கிடையாது. ஒரு கரையான் மண்ணை எச்சிலில் குழைத்து, உருண்டையாக்கி வைக்கும். அந்த ஈர உருண்டை இருக்கும் இடத்திலேயே அடுத்த கரையானும் தன் உருண்டையை வைக்கும். இப்படியே சுவர் எழும், சுரங்கம் உருவாகும். செய்த வேலையே அடுத்த வேலையைக் காட்டுகிறது. பிரான்சு நாட்டு அறிஞர் கிராசே 1959ஆம் ஆண்டில் இதை விளக்கினார்.

புற்றுக்குள் ராணிக்குத் தனி அறை உண்டு. பூஞ்சைத் தோட்டமும் உண்டு. மரத்தையும் சருகையும் கொண்டுவந்து, அதன்மேல் பூஞ்சை வளர்த்து, கரையான்கள் தின்கின்றன. மழைக்காலத்தில் நாம் பறிக்கும் புற்றுக்காளான் இந்தத் தோட்டத்தில் முளைத்ததுதான்.

மூடிய புற்றுக்குள் காற்று எப்படிப் போகும்? பெங்களூரில் உள்ள புற்றுகளில் இதை அளந்து பார்த்தார்கள். முடிவு 2015இல் வெளிவந்தது. பகலில் புற்றின் ஓரம் சூடாகும். ஓரத்துக் குழாய்களில் காற்று மேலே ஏறும். நடுவில் கீழே இறங்கும். இரவில் ஓரம் குளிரும். அப்போது காற்று மாறி ஓடும். சுவரின் நுண்துளைகள் வழியே கெட்ட காற்று வெளியேறும்.

கரையான் நம் வீட்டுக்கும் வரும். சுவரில் மண்கோடு தெரிகிறதா? அதுவும் ஒரு சுரங்கம்தான். கரையானின் உடல் மென்மையானது. வெளியே வந்தால் காய்ந்துவிடும், எறும்பு பிடித்துவிடும். அதனால் மூடிய பாதையில் நடக்கிறது.

கோட்டைத் துடைத்தால் மட்டும் போதாது. கூடு மண்ணுக்கு அடியில் இருக்கும். யாரும் சொல்லாமலே கரையான் மறுபடியும் கட்டிவிடும். கோடு எங்கே தொடங்குகிறது என்று பாருங்கள். சுவரை ஒட்டி மண்ணில் விறகு அடுக்காதீர்கள். ஒழுகும் குழாயைச் சரிசெய்யுங்கள். ஈரமும் மரமும் சேர்ந்த இடம் கரையானுக்குப் பிடிக்கும்.

காகிதமும் அதற்கு உணவுதான். நிலப் பத்திரத்தையும் குடும்ப அட்டையையும் தகரப் பெட்டியில் வையுங்கள். பெட்டியைத் தரையில் வைக்காதீர்கள். மாதம் ஒருமுறை திறந்து பாருங்கள். பல தலைமுறை காத்த பத்திரத்தைக் கரையானுக்குக் கொடுக்கலாமா?