எடோவுக்குப் போன காஞ்சி இளவரசர்

வின்சென்ட் வான்கோ பாரிசுக்கு வந்து சேர்ந்த 1886-ஆம் ஆண்டில், டோக்கியோவில் யோஷிதோஷி என்ற ஓவியர் ஓர் அச்சுப் படம் வெளியிட்டார். இடிந்த சுவர், அதற்கப்பால் நிலா, சிவப்புப் போர்வைக்குள் அசையாமல் உட்கார்ந்திருக்கும் தாடிக்காரர். ஜப்பானியர்களுக்கு அவர் ‘தருமா’. நமக்குப் போதிதருமர், காஞ்சியிலிருந்து கடல் கடந்து போன பல்லவ இளவரசர்.

இதை வரலாற்றாசிரியர்கள் அப்படியே ஒப்புக்கொள்வதில்லை. சீனாவின் பழைய குறிப்பு ஒன்று அவரைப் பாரசீகர் என்கிறது. இன்னொன்று, தென்னிந்திய மன்னரின் மூன்றாவது மகன் என்கிறது. காஞ்சியின் பெயர் பிற்பாடுதான் ஒட்டிக்கொண்டது.

வான்கோ யோஷிதோஷியுடையது போன்ற ஜப்பானிய அச்சுப் படங்களை நூற்றுக்கணக்கில் வாங்கினார். 1887-இல் ஜப்பானிய ஓவியர் ஹிரோஷிகேயின் இரண்டு படங்களைத் தைல வண்ணத்தில் நகலெடுத்தார். மோனேயின் ஷிவெர்னி வீட்டுச் சுவர்களை இருநூறுக்கும் மேற்பட்ட ஜப்பானியப் படங்கள் நிறைத்தன. ஒளியும் நிழலும் குழைத்து உருவத்துக்குத் திரட்சி தருவதே ஓவியம் என்று பழகியவர்களுக்கு, இந்தப் படங்களில் நிழலே இல்லாதது அதிர்ச்சி. நிறத்துக்கு ஒரு செர்ரி மரப்பலகை. ஒவ்வொன்றாக மையிட்டுக் காகிதத்தில் ஒற்றுவார்கள். தட்டையான நிறம், அதை வளைத்துக் கட்டும் கோடு, விளிம்பில் பாதியாக வெட்டுப்பட்ட ஆட்கள். காஞ்சிபுரத்துக்காரருக்கு இது அவ்வளவு அந்நியமாகத் தோன்றாது. கோர்வைச் சேலையில் மாம்பழ மஞ்சள் உடலும் அரக்குக் கரையும் ஒன்றில் ஒன்று கரையாமல் நேருக்கு நேர் நிற்பதும் இதே துணிச்சல்தான்.

எடோ (டோக்கியோவின் பழைய பெயர்) நகரத்து ஓவியர்கள் தருமாவிடம் எடுத்துக்கொண்ட உரிமை இன்னும் சுவையானது. ஒன்பது ஆண்டுகள் சுவரைப் பார்த்தே அவர் தவமிருந்தார் என்பது கதை. எடோவின் கணிகையர் பேட்டையான யோஷிவாராவின் கணிகை ஒருத்தி, தான் அங்கே பத்தாண்டு உட்கார்ந்திருப்பதால் தவத்தில் தானே மூத்தவள் என்றாளாம்! அதிலிருந்து ‘பெண் தருமா’ ஓவியங்கள் கிளம்பின. நாணல் தண்டின் மேல் நின்று அவர் நீரைக் கடந்த அதிசயத்தையும் ஹருனோபு விடவில்லை. நாணலின் மேல் ஓர் அழகியை நிறுத்திவிட்டார். ஹொக்குசாய் 1817-இல் நகோயாவில் கூட்டம் வேடிக்கை பார்க்க, 120 பாய்ப் பரப்புள்ள காகிதத்தில் தருமாவின் மார்பளவு உருவத்தைத் தீட்டினார்.

நம்மவர்களில் பலருக்கு 2011-இல் ‘7ஆம் அறிவு’ திரைப்படம் வந்த பிறகே அவரைத் தெரியும். அதில் அவர் குறையே இல்லாத வீரர். எனக்கென்னவோ, கிண்டலுக்கு ஆளாகியும் முறைத்தபடி உட்கார்ந்திருக்கும் எடோ தருமாவைத்தான் பிடிக்கிறது.