புதுப் பள்ளிக்கூடம்: மாடி எழும்பும் முன் மண்ணுக்குள் என்ன நடக்கிறது?

பள்ளிக்கூடம் கட்டப்போகிறார்கள். தகரத் தடுப்பு போட்டாச்சு, பெரிய இயந்திரங்களும் வந்தாச்சு. ஆனால் மாதங்கள் போயும் ஒரு சுவர்கூட எழும்பவில்லை. "உள்ளே என்னதான் செய்றாங்க?" என்று பேருந்தில் போகும்போது நீங்கள் யோசித்திருக்கலாம்.

வேலை நிற்கவில்லை. அது தரைக்குக் கீழே நடக்கிறது.

சிங்கப்பூர் சின்ன ஊர்தான். ஆனால் மண் எல்லா இடத்திலும் ஒன்றல்ல. புக்கிட் தீமா பக்கம் கருங்கல் பாறை, ஜூரோங்கில் படிவுப் பாறை, பிடோக் பக்கம் நன்றாக இறுகிய பழைய வண்டல். இவை பாரம் தாங்கும். ரோச்சோர், காலாங் வட்டாரத்துக்கு வந்தால்தான் தலைவலி. பனியுகம் முடிந்து கடல்மட்டம் ஏறியபோது பழைய ஆற்றுப் பள்ளங்களில் சேறு படிந்தது. அதுதான் கடற்களிமண். சில இடங்களில் 30 மீட்டருக்கும் அதிக ஆழத்துக்கு இருக்கிறது.

தேக்கா வட்டாரமும் ஒரு காலத்தில் ஈரமான தாழ்நிலம்தான். மாடு வளர்க்கப் புல்லும் தண்ணீரும் இருந்ததால்தான் 'கண்டாங் கெர்பாவ்', அதாவது எருமைத் தொழுவம் என்ற மலாய்ப் பெயரே வந்தது. இன்றும் பஃபலோ ரோடு இருக்கிறதே!

சரி, பள்ளிக்கூடத்துக்கு வருவோம்.

முதல் வேலை, மண்ணைத் துளைத்துப் பார்ப்பது. துளைக்குள் ஒரு குழாயை இறக்கி, 63.5 கிலோ சுத்தியலை 76 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து திரும்பத் திரும்ப விழவிடுவார்கள். குழாய் 30 சென்டிமீட்டர் இறங்க எத்தனை அடி தேவை? அந்த எண்ணிக்கைதான் கணக்கு. கெட்டியான மண்ணில் 50 அடிக்கு மேல் போகும். மென்மையான கடற்களிமண்ணில் சில சமயம் அடிக்கவே வேண்டாம்; சுத்தியலை மேலே வைத்தாலே குழாய் தானாக இறங்கிவிடும்.

அப்படிப்பட்ட மண்ணின்மேல் நேரடியாகக் கட்டினால் என்ன ஆகும்? கட்டடம் மெல்ல அமிழும். முழுக் கட்டடமும் ஒரே அளவு அமிழ்ந்தால் ஓரளவு சமாளிக்கலாம். ஒரு மூலை அதிகமாக, இன்னொரு மூலை குறைவாக இறங்கினால்தான் சுவரில் விரிசல் விழும், கதவு மூடாது. பள்ளிக்கூடத்தில் இந்த வாய்ப்பு இன்னும் அதிகம். வகுப்பறைப் பகுதியில் நிறைய தூண்கள் பாரத்தைப் பங்குபோட்டுக்கொள்ளும். மண்டபத்தில் நடுவில் தூண் வைக்க முடியாது. அதனால் ஓரத் தூண்கள் சிலவற்றின் மீதே முழுப் பாரமும் விழும்.

அதற்குத்தான் பைலிங். களிமண்ணைத் தாண்டி, கீழே உள்ள கெட்டியான அடுக்குவரை கான்கிரீட் தூண்களை இறக்குகிறார்கள். முன்பெல்லாம் 'டங் டங்' என்று அடித்து இறக்குவார்கள். இப்போது குடியிருப்புகளுக்குப் பக்கத்தில் பெரும்பாலும் துளையிட்டுக் கான்கிரீட் ஊற்றுவார்கள், அல்லது பளுவான இயந்திரத்தால் அழுத்தி இறக்குவார்கள். சத்தம் ரொம்பக் குறைவு. ஆனால் வழியில் பாறாங்கல் இருந்தால் அழுத்தும் முறை திணறும். ஃபோர்ட் கேனிங் பக்கத்து மண்ணில் அப்படிப்பட்ட கற்கள் ஏராளம்.

இங்கே ஒரு விஷயத்தைப் பலரும் கவனிப்பதில்லை. தூண் கட்டடத்தை மட்டும் தாங்கினால் போதாது. மேலே புதிதாக மண் கொட்டி மேடாக்கியிருந்தால் களிமண்ணிலுள்ள தண்ணீர் பல ஆண்டுகளாக மெல்ல வெளியேறும். மண் அமிழும், அமிழும்போது தூணையும் பிடித்துக் கீழே இழுக்கும். அந்த இழுவையையும் பொறியாளர் கணக்கில் சேர்க்க வேண்டும்.

கணக்கு தவறினால் என்ன ஆகும் என்பதற்குத் தொலைவில் போய்த் தேட வேண்டியதில்லை. சிராங்கூன் ரோடும் ஓவன் ரோடும் சந்திக்கும் இடத்தில் 1986 மார்ச் 15ஆம் தேதி ஹோட்டல் நியூ வோர்ல்ட் இடிந்து விழுந்தது. 33 பேர் மாண்டனர். அருகில் நடந்த எம்ஆர்டி சுரங்க வேலைதான் காரணமோ என்றுகூடச் சந்தேகம் எழுந்தது. விசாரணையில் தெரியவந்தது வேறு: வடிவமைப்பில் கட்டடத்தின் சொந்த எடையையே சேர்க்காமல் விட்டிருந்தார்கள்! மண்மீது பழியில்லை. அதன்பிறகு 1989இல் சட்டம் மாறியது. ஒரு பொறியாளர் போட்ட கணக்கை, அவரோடு தொடர்பில்லாத இன்னொரு பொறியாளர் தனியாகச் சரிபார்க்க வேண்டும் என்ற முறை வந்தது.

களிமண்ணின் குணமும் 2004 ஏப்ரல் 20ஆம் தேதி தெரிந்தது. நிக்கல் ஹைவேயில் எம்ஆர்டிக்காகத் தோண்டிய ஆழமான குழி சரிந்து நால்வர் உயிரிழந்தனர். களிமண்ணின் வலிமையை இருந்ததைவிட அதிகமாக மதிப்பிட்டதும், குழியின் தடுப்புச் சுவர்களைத் தாங்கிய இரும்புச் சட்டங்களின் இணைப்புகள் பலவீனமாக வடிவமைக்கப்பட்டதும் காரணங்களில் அடங்கும்.

உங்கள் பள்ளியிலோ புளோக்கிலோ கட்டடத்துக்கும் பக்கத்து நடைபாதைக்கும் நடுவில் ஓர் இடைவெளியோ சின்னப் படியோ விழுந்திருக்கிறதா? அதைப் பார்த்ததும் "கட்டடம் சாயுது" என்று பயப்பட வேண்டாம். பெரும்பாலும் கட்டடம் பைலிங் தூண்கள்மேல் அசையாமல்தான் நிற்கும்; தூணில்லாத நடைபாதைதான் மண்ணோடு சேர்ந்து இறங்கியிருக்கும். ஆனால் தூணிலோ உத்தரத்திலோ விரிசல் தெரிந்தால் கதை வேறு. உடனே ஆசிரியரிடமோ நகர மன்றத்திடமோ சொல்லிவிடுங்கள்.