குழு அசைவூட்டப் பணியில் வடிவமைப்புப் படிநிலைகள்: குறிஞ்சிப்பாட்டை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

மாணவர் குழுவாக இணைந்து உருவாக்கும் அசைவூட்டக் குறும்படங்களுக்கு வடிவமைப்புத் துறையின் படிநிலைகள் எவ்வாறு பயன்படுகின்றன, எவ்விடத்தில் பொருந்தாமற் போகின்றன என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது. கபிலரின் குறிஞ்சிப்பாட்டை மூன்று நிமிடப் படமாக்கும் பணி எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுகிறது.

திறவுச்சொற்கள்: வடிவமைப்புப் படிநிலைகள், அசைவூட்டம், கதைப்பலகை, குறிஞ்சிப்பாட்டு, முப்பொருள், கூட்டுப் படைப்பு

முன்னுரை

பழங்கதைகளை அசைவூட்டப் படமாக்கும் முயற்சி இந்தியாவிற்குப் புதிதன்று. புத்த சாதகக் கதையொன்றைத் தழுவித் திரைப்படப் பிரிவு 1957இல் 'தி பன்யன் டீர்' என்னும் படத்தை உருவாக்கியது. இன்று கணினியும் வரைபலகையும் எளிதிற் கிடைப்பதால், தமிழ் மாணவரும் நுண்கலை மாணவரும் கூடி இத்தகைய பணியை மேற்கொள்ள இயலும். ஆயின் வரையத் தெரிந்தவர் பாடலை முழுமையாகக் கற்றிரார்; பாடலைக் கற்றவர் ஒரு நொடிக் காட்சிக்குப் பின்னுள்ள உழைப்பை அறிந்திரார். எதனை, எப்போது, யார் முடிவு செய்வது என்னும் வினா இவ்விடத்தில்தான் எழுகிறது.

படிநிலைகளும் அவற்றின் பெயர்களும்

வடிவமைப்புச் செயன்முறையைப் பலரும் பலவாறு பகுத்துள்ளனர். பிரித்தானிய வடிவமைப்புக் கழகம் 2005இல் வெளியிட்ட 'இரட்டை வைர' மாதிரி கண்டறிதல், வரையறுத்தல், உருவாக்குதல், வழங்குதல் என நான்கு நிலைகளைக் கொண்டது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக வடிவமைப்புப் பள்ளி பரப்பிய மாதிரி ஒத்துணர்தல், வரையறுத்தல், கருத்துருவாக்கம், முன்மாதிரி, சோதித்தல் என ஐந்தாக விரியும். முதல் நிலையைச் சிலர் 'பரிவு' எனப் பெயர்க்கின்றனர். பரிவு இரக்கத்தின்பாற்பட்டது, பிறர் நிலையில் நின்று உணர்தலை 'ஒத்துணர்தல்' என்பதே சரியாகச் சுட்டும்.

இரு மாதிரிகளும் முன்சென்ற நிலைக்கு மீளுவதை அனுமதிக்கின்றன. ஊக்குவிக்கின்றன என்றும் கூறலாம். அசைவூட்டத்தில் இவ்வுரிமைக்கு எல்லையுண்டு. திரையில் ஒரு நொடிக்கு 24 சட்டகங்கள் ஓடுகின்றன. ஒவ்வோர் ஓவியத்தையும் இரு சட்டகங்களுக்கு நிறுத்தும் வழக்கப்படி நொடிக்கு 12 ஓவியங்கள் வேண்டும். மூன்று நிமிடப் படத்திற்கு ஓர் உருவத்திற்கே 2160 ஓவியங்கள். ஐவர் குழுவில் ஒருவருக்கு 432. முழுமையாக வரைந்து முடித்த பத்து நொடிக் காட்சியொன்று பின்னர் வேண்டாமென நீக்கப்படின் 120 ஓவியங்கள் வீணாகும். அவற்றை வரைந்த மாணவர் அடுத்த கூட்டத்தில் பேசாதிருப்பதற்கும் இதுவே காரணமாகலாம்.

ஆகவே மீளுதல் முழுவதும் கதைப்பலகையிலும், அதனை ஒலியோடும் கால அளவோடும் கோத்த அசைவுக் கதைப்பலகையிலும் நிகழ்ந்து முடிய வேண்டும். 1930களின் தொடக்கத்தில் வால்ட் டிஸ்னி நிறுவனத்தில் கதைப்பலகை முறையாக வளர்ந்தமைக்கும் இத்தேவையே அடிப்படை. சுவரிற் குத்திய தாளை எவரும் எடுத்து இடம் மாற்றலாம், அதற்குச் செலவில்லை.

வரையறுத்தலும் முப்பொருளும்

குறிஞ்சிப்பாட்டு 261 அடிகளால் ஆனது. தலைவியின் காதலைத் தோழி செவிலிக்கு எடுத்துரைப்பதாக அமைந்தது. தினைப்புனம் காத்தல், அருவியாடல், மலர் கொய்தல், வேட்டை நாய்கள் சூழ்தல், தலைவன் வருகை, யானையின் சீற்றம் என நிகழ்ச்சிகள் தொடர்கின்றன. அருவியாடிய மகளிர் கொய்து பாறையிற் குவித்த மலர்களாகக் கபிலர் 99 பெயர்களைச் சொல்கிறார். வரைவோரை முதலிற் கவர்வது இப்பகுதியே. மலருக்கு ஒரு நொடி என ஒதுக்கினும் 99 நொடிகள், அதாவது படத்தின் பாதிக்கு மேல், இதற்கே சென்றுவிடும். படம் மலர்களைப் பற்றியதா, மகளைக் காக்க நினைக்கும் தாயிடம் தோழி உண்மையைச் சொல்லத் துணிந்ததைப் பற்றியதா என்பதை ஒரே வாக்கியத்தில் எழுதிக் குழுவினர் அனைவரும் ஏற்பதே வரையறுத்தல் நிலை. இரண்டும் தகும், இரண்டையும் மூன்று நிமிடத்தில் அடக்க இயலாது.

இந்நிலையில் தொல்காப்பியத்தின் முதல், கரு, உரி என்னும் பாகுபாடு குழுவுக்கு ஆயத்தமாகக் கிடைக்கும் கருவியாகத் தோன்றும். முதற்பொருள் பின்னணியையும் ஒளியையும், கருப்பொருள் காட்சியில் இடம்பெறும் மரம், விலங்கு, பறவை முதலியவற்றையும், உரிப்பொருள் காட்சியின் உணர்வையும் தரும். பணியையும் அவ்வாறே பங்கிடலாம். பயனுள்ள முறைதான், ஆயினும் இதனைப் பட்டியலாகக் கொண்டால் பிழை நேரும். குறிஞ்சிக்குரிய சிறுபொழுது யாமம். இலக்கணத்தை மட்டும் நோக்கிய பின்னணி ஓவியர் படம் முழுவதற்கும் நள்ளிரவின் கருநீலத்தைத் தீட்டுவார். பாட்டிலோ கிளி கடிதலும் அருவியாடலும் தலைவன் வருகையும் பகலில் நிகழ்கின்றன; மாலை பின்னரே வருகிறது. இம்முரணை வண்ணத் திட்டத்திற்கு முன்பே சுட்ட வேண்டியவர் பாடலைக் கற்ற மாணவர். அவர் உரை எழுதிக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும் குழுக்களில் பின்னணிகள் அனைத்தும் முடிந்த பிறகே பிழை வெளிப்படும்.

முன்மாதிரியும் சோதித்தலும்

அசைவுக் கதைப்பலகையைப் பாட்டை அறியாத ஒருவருக்குக் காட்டுதல் சோதித்தலுக்குப் போதுமானது. 'பிடித்ததா' என்னும் வினா பயன் தராது. யார் யாரிடம் பேசுகிறார், யானை வந்தபோது மகளிர் ஏன் தலைவனை நெருங்கினர் என வினவி, விடையைக் குறித்துக்கொள்ள வேண்டும். பேசுபவர் தோழி என்பது விளங்காதெனில், செவிலியின் முகம் எங்கேனும் இடையிடையே வர வேண்டும் என்பது தெளிவாகும். அதனைச் சேர்க்க இந்நிலையில் நான்கைந்து தாள்களே தேவை.

மதிப்பீடு

முடிந்த படத்தை மட்டும் நோக்கி மதிப்பெண் வழங்கும்போது திரையிற் காணும் கைவண்ணமே கண்ணிற் படும். நீக்கப்பட்ட காட்சியும் திருத்தப்பட்ட பொழுதும் அதில் தெரிவதில்லை. ஒவ்வொரு நிலையின் முடிவிலும் வரையறை வாக்கியத்தின் அப்போதைய வடிவம், கதைப்பலகையின் ஒளிப்படம், மாற்றத்தைப் பரிந்துரைத்தவர் பெயர், அதற்கான காரணம் ஆகியவற்றை நாளிட்டுச் சேமித்தால், பாடலறிவால் படத்தைக் காத்தவரின் பங்கும் மதிப்பீட்டுக்கு உட்படும். பகலா யாமமா என்னும் விவாதம் அக்குறிப்பேட்டில் அரைப்பக்கமாகவே இருக்கும். மதிப்பிடும் ஆசிரியர் முதலில் புரட்ட வேண்டிய பக்கம் அது.