வெள்ளி அடைப்பைப் பெயர்க்க அவசரம் வேண்டாம்

கடைவாய்ப் பல்லில் ‘வெள்ளி’ அடைத்துக்கொண்டவர்கள் நம்மிடையே ஏராளம். அந்த அடைப்பின் எடையில் ஏறக்குறைய பாதி பாதரசம் என்று தெரியவந்ததும் பலருக்கு வயிற்றைக் கலக்குகிறது. உடனே பெயர்த்து எடுத்துவிடலாமா என்று யோசிக்கிறார்கள். அமால்கம் எனப்படும் இந்தக் கலவையைப் படிப்படியாகக் கைவிடுவது நியாயம்தான். ஆனால், நன்றாக இருக்கும் அடைப்பைப் பயத்தில் பெயர்ப்பதற்கு அது காரணமாகாது.

மீதிப் பாதி வெள்ளி, வெள்ளீயம், செம்பு ஆகியவை சேர்ந்த உலோகப் பொடி. சில வகைகளில் சிறிது துத்தநாகமும் உண்டு. பாதரசத்தையும் பொடியையும் சில விநாடிகள் வேகமாகக் குலுக்கினால், துகள்களின் மேற்பரப்பு பாதரசத்தில் கரைந்து, புதிய சேர்மங்களாகப் படிகமாகத் தொடங்கும். கலவை குழைவாக இருக்கும் அந்தச் சில நிமிடங்களுக்குள் மருத்துவர் அதைக் குழியில் அழுத்தி நிரப்பி, பல்லின் வடிவத்துக்குச் செதுக்கிவிட வேண்டும். முழு வலு வர ஏறக்குறைய ஒரு நாள் ஆகும். அதுவரை அந்தப் பக்கம் கடிக்க வேண்டாம் என்று சொல்லி அனுப்புவது இதனால்தான். பழைய கலவைகளில் வெள்ளீயமும் பாதரசமும் சேர்ந்து உருவான சேர்மம் எளிதில் அரிபட்டு, அடைப்பின் ஓரங்களைச் சிதைத்தது. 1960-களில் செம்பின் அளவைக் கூட்டியபோது வெள்ளீயத்தைச் செம்பு தன் பக்கம் இழுத்துக்கொண்டது. பலவீனமான சேர்மம் பெரும்பாலும் ஒழிந்தது, அடைப்பின் ஆயுளும் கூடியது. மெல்லும்போது வரும் அழுத்தத்தை அமால்கம் நன்றாகத் தாங்கும். வாயின் ஈரத்தையும் ஓரளவு பொறுத்துக்கொள்ளும். குறையும் உண்டு. அது பல்லோடு ஒட்டாது, மெல்லிய படலமாகப் போட்டால் உடையும். அதனால், அதற்குப் பிடிமானம் தர நல்ல பல்லையும் கொஞ்சம் குடைய வேண்டியிருக்கிறது.

மெல்லும்போதும் பல்லை நறநறக்கும்போதும் பாதரச ஆவி வெளிவரத்தானே செய்கிறது என்று கேட்கலாம். உண்மைதான், ஆனால் மிகக் குறைந்த அளவில். அமெரிக்காவிலும் போர்ச்சுகலிலும் குழந்தைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2006-இல் வெளியான இரண்டு ஆய்வுகள், அமால்கம் அடைத்தவர்களுக்கும் மற்றவர்களுக்கும் இடையே அறிவுத்திறனிலோ நரம்பு இயக்கத்திலோ குறிப்பிடத்தக்க வேறுபாட்டைக் காணவில்லை. கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், சிறு குழந்தைகள், சிறுநீரகம் பழுதுபட்டவர்கள் ஆகியோருக்குப் புதிதாக அமால்கம் அடைப்பதைத் தவிர்க்கச் சொன்ன அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ., 2020-இல் விடுத்த அதே அறிவிப்பில், நல்ல நிலையில் உள்ள அடைப்பை அகற்ற வேண்டாம் என்றும் சொன்னது. காரணம் எளியது: குடைந்து எடுக்கும்போது ஆவி கூடுதலாக வெளிவரும், நல்ல பல்லும் சேதமாகும்.

அப்படியானால் ஏன் கைவிட வேண்டும்? மருத்துவமனைக் கழிவுநீரிலும் சடலங்களை எரிக்கும் புகையிலும் வெளியேறும் பாதரசம் நீர்நிலைகளை அடைந்து, நுண்ணுயிர்களால் மெத்தில் பாதரசமாக மாறி, மீன்களில் சேர்கிறது. இதைத் தடுக்கத்தான் 2013-இல் ஏற்கப்பட்ட மினமாட்டா உடன்படிக்கை அமால்கத்தைக் குறைக்கச் சொல்கிறது; இந்தியாவும் அதில் சேர்ந்திருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜனவரி முதல், தவிர்க்க முடியாத மருத்துவத் தேவைக்கு மட்டுமே அதை அனுமதிக்கிறது. ஆகவே, புதிதாகப் பல் அடைக்கும்போது மாற்றுப் பொருளைக் கேளுங்கள். விரிசலும் ஓரச் சொத்தையும் இல்லாத பழைய அடைப்பை அப்படியே விட்டுவிடுங்கள்.